கால்வாய்ப் பாலத்தில் உட்காரும் வண்டி

சண்முகராஜ் கஞ்சன் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. சுத்தப் பொய். ஆனால் பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றுவதா வேண்டாமா என்று ஐந்து மாதமாக யோசிக்கிற மனிதரை ஊர் வேறு எப்படித்தான் பேசும்?

சின்னமனூருக்கு மேற்கே, மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில் அவருடைய ஊர். மாட்டுக்குச் சினை ஊசி போடுவது தொழில். பத்தொன்பது வருடமாக அந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தத் தொழுவத்தில் மாடு சினைக்குக் கத்தினாலும் முதல் போன் அவருக்குத்தான். காலையில் கத்தினால் சாயந்திரம் ஊசி, சாயந்திரம் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி. நேரம் தப்பினால் இன்னும் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். அந்த இருபத்தொரு நாளும் வீட்டுக்காரர் திட்டுவது மாட்டையல்ல.

பைக்கின் வலது பக்கம் ஓர் இரும்புக் கூண்டு. அதற்குள், ஊசிக்கான விந்தைக் குளிரில் காக்கும் நைட்ரஜன் கேன். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும், சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். அந்தக் கேனை ஒரு நாளும் அவர் சாய விட்டதில்லை. அது ஒன்றும் லேசான காரியமில்லை. ரோடா அது? குழாய் பதிக்கத் தோண்டினார்கள், மூடினார்கள், மூடியது சரியில்லை என்று மறுபடி தோண்டினார்கள், இப்போது மூடவேயில்லை. பதினோரு வருட வண்டி. தினமும் எழுபது, எண்பது கிலோமீட்டர். இரும்பே களைத்துப் போகிற ஓட்டம், மனித முதுகு எம்மாத்திரம்?

ராத்திரி சாப்பிட்டதும் மனைவி அனுசுயா முதுகில் தைலம் தேய்த்து விடுவாள். தேய்க்கும்போதே கேட்பாள்.

“வண்டியா முதுகா, ரெண்டுல ஒண்ண மாத்துங்க. ஒங்க கூட்டாளி அழகர் அண்ணன் கேஸ் ஷாக்கு மாட்டிட்டாக. தொட்டில்ல போற மாதிரி இருக்குன்னு அவுக வீட்டுல சொல்லுது. ஒங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

“பாப்போம்,” என்பார் சண்முகராஜ்.

என்ன வந்துச்சு என்று அவளிடம் சொல்ல முடியாது. பயம் வந்துவிட்டது. நாற்பத்து நாலு வயது ஆம்பிளை ஒரு பைக்குக்குப் பயப்படுகிறான் என்று எந்த வாயால் சொல்வது?

நடப்பது இதுதான். காலையில் எட்டு, எட்டேகாலுக்குக் கிளம்புவார். ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டரில் கால்வாய்ப் பாலம். இந்தப் பக்கம் திராட்சைப் பந்தல், அந்தப் பக்கம் வாழை. பாலத்தில் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. அந்த ரோட்டிலேயே உருப்படியான இடம் அது ஒன்றுதான். அங்கே வந்ததும் வண்டியின் பின்பக்கம் உட்காரும். பள்ளத்தில் விழுவது போல அல்ல. ஒரு பொம்பளை கம்பியைப் பிடித்து, ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு ஏறினால் வண்டி எப்படி முதலில் இடது பக்கம் சாய்ந்து பிறகு நேராகுமோ, அப்படி. சாயும், நேராகும், பொதுக்கென்று இறங்கும். பிறகு மூன்று கிலோமீட்டருக்கு டயர் மட்கார்டில் சர்ர் சர்ர் என்று உரசிக்கொண்டே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திரும்பும் முக்கு வந்ததும் பின்பக்கம் எழும்பிவிடும். உரசல் நின்றுவிடும். அதற்கப்புறம் நாள் முழுக்க எத்தனை பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் ஒரு சத்தம் வராது.

திரும்பி வரும்போது அதே பாலம், அதே ரோடு. அப்போது ஒன்றும் இல்லை.

முதலில் டயரில் காற்று ஏற்றிப் பார்த்தார். ஒரு நாள் கேனைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வெறும் வண்டியோடு போனார். வண்டி உட்கார்ந்தது. ஆடி பிறந்ததும் காற்று வந்தது. கம்பம் பள்ளத்து ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? மேற்கே கணவாயிலிருந்து கிளம்பி வாழையைச் சாய்த்துக்கொண்டு வரும். கிழக்கே வண்டி ஓட்டினால் முதுகில் கை வைத்துத் தள்ளும், சட்டை பலூன் மாதிரி உப்பும். பாலத்தில் ஏறியதும் அவருடைய சட்டை அடங்கிவிடும். பக்கத்து வாழை பேயாட்டம் ஆடும். அவர் முதுகில் மட்டும் காற்று படாது. பின்னால் யாராவது உட்கார்ந்து மறைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி வெதுவெதுப்பாக இருக்கும். அந்த மூன்று கிலோமீட்டரும் அவர் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஆடி நடுவில் ஒரு நாள் திராட்சைத் தோட்டக்காரர் வேல்பாண்டியை வேண்டுமென்றே ஏற்றிக்கொண்டார். வேல்பாண்டி தொண்ணூறு கிலோ. அவர் உட்கார்ந்தால் சீட்டில் எலி உட்காரக்கூட இடம் இருக்காது. பாலம் வரைக்கும் திராட்சை விலையைத் திட்டிக்கொண்டு வந்த மனிதர், பாலத்தில் பேச்சை நிறுத்தினார்.

“ஏய்யா சண்முகம், ஷாக்கு போச்சா ஒனக்கு? மட்கார்டுல உரசுது.”

“ஆமா, மாத்தணும்.”

“அது சரி. வண்டி பின்னால உக்காந்தா நான் பின்னாலதான சரியணும்? என்னைய முன்னால தள்ளுது. கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருய்யா, நெருக்குது.”

சண்முகராஜ் டேங்க் மேல் ஏறாத குறையாக முன்னால் நகர்ந்தார். வேல்பாண்டியின் வயிறு அவர் முதுகை அழுத்தியது. அப்படியே சின்னமனூர் சேர்ந்தார்கள். இறங்கியதும் வேல்பாண்டி சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான இருக்கு,” என்று சொல்லிப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்த வண்டியில் அவர் ஏறவேயில்லை.

இனி மலையம்மாளைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மலையம்மாள் அதே ஊர். ஐம்பத்தெட்டு, அறுபது வயது இருக்கும். சண்முகராஜுக்கு மதினி முறை. மதினி என்றால் கேலி பேச உரிமை உண்டு. கொழுந்தன் என்றால் வாங்கிக்கொண்டு சிரிக்க வேண்டும். கோபித்துக்கொண்டால் அவன்தான் முறை தெரியாதவன். ஊருக்கு ஊர் இது நடக்கிறதுதான். மலையம்மாள் அந்த உரிமையில் ஒரு பைசாவைக்கூட விட்டுவைக்காத ஆள். சண்முகராஜுக்கும் அனுசுயாவுக்கும் கல்யாணமாகிப் பதினாலு வருடம், பிள்ளை இல்லை. அவருடைய தொழிலோ சினை பிடிக்க வைப்பது. மலையம்மாள் வாய்க்கு வேறு என்ன வேண்டும்?

பங்குனியில் ஒரு நாள் பால் சொசைட்டியில் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நிற்கும்போது மலையம்மாள் கேட்டாள்: “கொழுந்தனாரே, ஊரு மாட்டுக்கெல்லாம் சினை புடிக்க வைக்கிறீக. எங்க அனுசுயா மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

எல்லாரும் சிரித்தார்கள். சண்முகராஜும் சிரித்தார். பால் கேனோடு வரிசையில் நின்ற அனுசுயாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை எட்டேகால். கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு கையை ஊன்றி மலையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மறு கையை நீட்டினாள்.

“கொழுந்தனாரே, நிப்பாட்டுய்யா. ஆஸ்பத்திரி வரைக்கும் ஏத்திட்டுப் போ. நெஞ்சு ஒரு மாதிரி படபடங்குது.”

வண்டி நின்றது. ஆனால் அவர் எஞ்சினை அணைக்கவில்லை. மூன்று கிலோமீட்டர் இவள் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாளே என்று எரிச்சலாக வந்தது. மதினியிடம் கோபம் என்று சொல்ல முடியாது. வாயில் வந்ததைச் சொன்னார்.

“பின்னாடி ஷாக்கு போயிருச்சு மதினி. டபுள்ஸ் ஏத்துனா டயரு மட்கார்டுல உரசுது. மினி பஸ்ஸு வரும், ஏறிக்கங்க.”

“ஷாக்கு போச்சா? முந்தாநேத்து அந்தத் தடியன் வேல்பாண்டிய ஏத்திட்டுப் போனியே?” என்று சிரித்தாள் மலையம்மாள்.

அவர் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து ஊசி போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது பாலத்தில் கூட்டம். மினி பஸ் அன்றைக்குத் தாமதமாம். மலையம்மாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்தது, அதற்கு அங்கே வேலை இருக்கவில்லை.

மகள் ஜோதிலட்சுமி கூடலூரில் வாக்கப்பட்டவள். வந்து விழுந்து அழுதாள். “அந்த நேரத்துல அந்த ரோட்டுல ஒரு வண்டி கூடவா வரல, ஆத்தா? ஒரு வண்டி கூடவா வரல?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். மாலையோடு நின்றிருந்த சண்முகராஜ் வாயைத் திறக்கவில்லை. பார்த்தவர் யாருமில்லை, கேட்டவரும் யாருமில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று அவள் சொன்னது அவருடைய காதில் நன்றாக விழுந்திருந்தது. அது அவருக்கு மட்டும் தெரியும்.

சுடுகாட்டில் பால் தெளித்த மறுநாள் காலையில்தான் வண்டி முதல்முறை உட்கார்ந்தது. டயர் மட்கார்டில் உரசியது. அவர் சொன்ன பொய் வார்த்தை பிசகாமல் அப்படியே நடந்தது.

இப்போது தெரிகிறதா அவர் ஏன் ஷாக்கை மாற்றவில்லை என்று? தேனிக்கு நைட்ரஜன் பிடிக்கப் போகும்போது பழனிசெட்டிபட்டியில் மெக்கானிக் விஜயபாண்டியிடம் வண்டியைக் காட்டியிருந்தார். விஜயபாண்டி அவரை உட்காரச் சொல்லி, டேப் வைத்து அளந்து, பின்னால் தான் ஒரு தடவை ஏறி உட்கார்ந்து அளந்து பார்த்தான்.

“இடது பக்கத்து ஷாக்கு லேசா எண்ணெய் கக்கியிருக்குண்ணே. ஆனா நீங்க சொல்ற அளவுக்கு உக்காரல. டயரு உரச இன்னும் ரெண்டு விரல் இருக்கு.”

“மாத்துனா சரியாயிருமா?”

“புதுசுக்கு என்ன கேடு? கல்லு மாதிரி நிக்கும்.”

“புதுசு மாட்டியும் உக்காந்தா?”

விஜயபாண்டி சிரித்தான். “அப்ப வண்டியில கோளாறு இல்லண்ணே. ஏறுற ஆளுகிட்டத்தான்.”

எண்ணெய் கக்கிய ஷாக் இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒரு பிடி இருந்தது. பழைய வண்டி, தேய்ந்த ஸ்பிரிங், அதனால் உட்காருகிறது என்று தினமும் காலையில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். பாதி நாள் நம்பவும் செய்தார். புதுசு மாட்டி, அதுவும் உட்கார்ந்தால்? அப்புறம் சாக்குச் சொல்ல உலகத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது. அந்தப் பயத்தில்தான் ஐந்து மாதம் ஓடியது. முதுகு போனால் போகட்டும் என்று இருந்தார்.

ஆவணியில் பின் டயர் உரசி உரசி நூல் தெரிந்துவிட்டது. அனுசுயா அதைப் பார்த்துவிட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஜயபாண்டிக்கு அவளே போன் போட்டு, புது டயரும் கேஸ் ஷாக்கும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாள்.

“வியாழக்கெழம போறீக, மாத்திட்டு வர்றீக. வெடிச்சு எங்கிட்டாவது விழுந்து கெடந்தா நான் யாரு முகத்துல போய் முழிக்கிறது? எனக்கு நீங்க ஒரு ஆளுதான இருக்கீக.”

இதற்கு மேல் என்ன பேசுவது? போனார். நீல ஸ்பிரிங் போட்ட புது ஷாக் ஏறியது. அதில் ஐந்து ஸ்டெப் இருக்கிறது, எடை கூடக் கூட ஸ்டெப்பைக் கூட்ட வேண்டும் என்றான் விஜயபாண்டி. “ஒத்த ஆளுக்கு ரெண்டாவது ஸ்டெப்புல வச்சிருக்கேன். நீங்க தனியாத்தான போவீக?” என்று கேட்டான். சண்முகராஜ் தலையை ஆட்டினார். வீடு வரைக்கும் வண்டி வெண்ணெயாக வந்தது. அன்று ராத்திரி அவருக்கு ஒரு பொட்டுத் தூக்கமில்லை.

வெள்ளிக்கிழமை காலை. காற்று குறைந்திருந்தது. பாலத்தில் வண்டி ஏறியது, ஒன்றும் இல்லை. பாலத்தின் நடுவுக்கு வந்தார், ஒன்றும் இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது. அட கூறுகெட்டவனே, எண்ணெய் கக்கின ஒரு குழாய்க்கா ஐந்து மாதம் செத்துப் பிழைத்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

பாலம் முடிகிற இடத்தில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. நேரானது. பிறகு இறங்கியது. புது ஷாக் அல்லவா, பொதுக்கென்று இல்லை. மெதுவாக, பொறுமையாக, கடைசி வரைக்கும் இறங்கியது.

சண்முகராஜ் பிரேக் போட்டு நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் வாழைத்தோப்பில் ஒரு இலைகூட அசையவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“மதினி,” என்றார். மறுபடி கூப்பிட்டார்.

“மதினி, ஷாக்கு அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு.”

வண்டி எழும்பவில்லை.

“கோவம் மதினி. அம்புட்டுப் பேருக்கு முன்னாடி அனுசுயாவ வச்சுக்கிட்டு அப்படிக் கேட்டீக. அவ வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த பேசல. அதான் ஏத்தல. நெஞ்சு படபடங்குதுன்னு சொன்னீக, கேட்டுச்சு. கேட்டுக்கிட்டுத்தான் போனேன். ஆனா நீங்க சாவீகன்னு நெனக்கல மதினி, சத்தியமா நெனக்கல.”

அழுதார். நடு ரோட்டில், பட்டப்பகலில், வண்டியை விட்டு இறங்காமலே அழுதார். வாழை ஏற்றிய வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. அப்போது சீட்டு ஒரு தரம் ஆடியது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ரொம்ப நேரம் வண்டி நின்றால், போகலாமே என்று சற்றே நகர்ந்து உட்காருவார்கள் இல்லையா, அந்த ஆட்டம்.

கியரைப் போட்டார். பள்ளம் பார்த்து, பதமாக ஓட்டினார். ஆஸ்பத்திரி முக்கில் வழக்கம்போல நேராகப் போகாமல் உள்ளே திருப்பினார். முக்கிலிருந்து ஆஸ்பத்திரி கட்டடம் கால் கிலோமீட்டர். இத்தனை நாளும் அவர் முக்கோடு போய்விட்டதால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் இந்தத் தூரத்தை நடந்தல்லவா போயிருக்க வேண்டும் என்று தோன்றியதும் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஓ.பி. சீட்டு வாங்கும் ஜன்னலில் பத்துப் பேர் நின்றார்கள். படியோரம் நிறுத்தினார். வண்டி இடது பக்கம் லேசாகச் சாய்ந்து எழும்பியது. வரிசையில் கடைசியாக நின்ற பெண், யாரும் சொல்லாமலே ஓர் அடி முன்னால் நகர்ந்து பின்னால் இடம் விட்டாள்.

எல்லாம் தீர்ந்தது என்றுதான் சண்முகராஜ் நினைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அழ வேண்டியதை அழுதாயிற்று. சனிக்கிழமை காலை பாலத்தில் வண்டி உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் மன்னிப்புக் கேட்பதற்காகவா அவள் ஏறினாள்? அவளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். கொழுந்தனார் வண்டி வருகிறது, கையை நீட்டுகிறாள்.

திங்கள்கிழமை ஆஸ்பத்திரி படியில் நிறுத்தி, வண்டி எழும்பும் வரை காத்திருந்துவிட்டு, அப்படியே பழனிசெட்டிபட்டிக்குப் போனார். விஜயபாண்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“என்னண்ணே, அதுக்குள்ள? உக்காருதா?”

“உக்காருது தம்பி. ரெண்டு ஆளுக்குத் தகுந்த மாதிரி வச்சிரு.”

“ரெண்டு ஆளுக்கு வச்சா நீங்க தனியா ஓட்டையில தூக்கித் தூக்கி அடிக்கும்ணே. முதுகுக்குத்தான மாத்துனீக? அக்கா தெனமும் கூட வர்றாகளா?”

“அவ இல்ல. எங்க ஊரு மதினி. நெஞ்சு படபடப்பு. காலையில ஆஸ்பத்திரியில எறக்கி விடணும்.”

விஜயபாண்டி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்தான்.

“எத்தன நாளைக்குண்ணே? கொஞ்ச நாளுன்னா லேசாத் திருப்பி வைக்கிறேன். அப்புறம் வந்து மாத்திக்கலாம்.”

“நான் வண்டி ஓட்டுற வரைக்கும்,” என்றார் சண்முகராஜ்.

விஜயபாண்டி இரண்டு பக்கமும் நாலாவது ஸ்டெப்புக்குத் திருகி இறுக்கினான்.